மாடியிலிருந்து ஒரு குவாசரைத் தொடர்ந்து பார்ப்பது எப்படி, எதற்காக?

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மொட்டைமாடியில் வைத்திருக்கும் 8 அங்குலத் தொலைநோக்கியால், நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு குவாசரின், அதாவது தொலைதூரப் பால்வீதி ஒன்றின் நடுவில் விண்மீன் போலத் தெரியும் பேரொளி மையத்தின், ஒளி கூடிக் குறைவதைப் பதிவு செய்ய முடியுமா என்பது ஒன்று. பெரிய ஆய்வகங்கள் இருக்கும்போது அந்தப் பதிவால் யாருக்காவது பயன் உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில்: முடியும், கேமரா இருந்தால் நன்றாகவே முடியும். இரண்டாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனமில்லை.

எதைப் பார்ப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான குவாசர்கள் நம் கருவிக்கு எட்டாதவை. எட்டுகிறவற்றில் முதலிடம் கன்னி ராசியில் உள்ள 3சி 273க்கு. அதன் ஒளித்தரம் ஏறத்தாழ 12.9. ஒளித்தர எண் கூடக்கூட ஒளி மங்கும். ஓர் எண் வித்தியாசம் என்றால் ஒளியில் இரண்டரை மடங்கு வித்தியாசம். ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் 8 அங்குலக் கருவியில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பார்த்த பலர் ஏமாந்துபோகிறார்கள். பக்கத்து விண்மீன்களிலிருந்து எந்த வகையிலும் வேறுபடாத ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

இந்த ஏமாற்றம் புதிதல்ல. ரேடியோ அலைகளையும் வீசும் 3சி 273ஐ 1962இல் நிலா மறைத்தபோது, சிரில் ஹசார்டும் குழுவினரும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியால் அந்தக் கணத்தை அளந்து, அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். அந்த இடத்தில் விண்மீன் போன்ற ஒரு புள்ளி இருந்தது. மார்ட்டன் ஷ்மிட் கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் உள்ள 200 அங்குலத் தொலைநோக்கியில் அதன் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் படத்தை, எடுத்தார். அதில் தெரிந்த கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1963 பிப்ரவரியில்தான் அவருக்குப் பிடிபட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஹைட்ரஜன் கோடுகளே, ஏறத்தாழ 16 சதவீதம் சிவப்புப் பக்கமாக நகர்ந்து நின்றன. அது நம் பால்வீதியின் விண்மீனே அல்ல. அங்கிருந்து கிளம்பிய ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அதே 1963இல் ஹார்லன் ஸ்மித், டாரிட் ஹாஃப்லைட் ஆகிய இருவரும் ஹார்வர்டு ஆய்வகத்தில் அடுக்கி வைத்திருந்த பழைய கண்ணாடித் தகடுகளைப் புரட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வானத்தின் எல்லாப் பகுதிகளையும் எடுத்து வைத்த படங்கள் அவை. அந்தப் புள்ளி அவற்றில் இருந்தது; அதன் ஒளி பல பத்தாண்டுகளாகக் கூடியும் குறைந்தும் வந்திருந்தது. தகடுகளை எடுத்தவர்கள் காலத்தில் குவாசர் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. அவர்கள் ஏதோ ஒரு வானத்தைப் படம் எடுத்து, தேதியைக் குறித்து, பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி அந்தப் பெட்டியில் இருக்கிறது.

ஒளி மாறுவது ஏன் பெரிய செய்தி? ஒரு நீண்ட ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் ‘நில்லுங்கள்’ என்றால், அந்தச் சொல் வால்வரை போய்ச் சேர நேரம் ஆகும். ஊர்வலம் முழுவதும் ஒரே நொடியில் நின்றுவிடாது. ஒரு பொருளின் ஒளியும் அப்படித்தான். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி போகும் நேரத்தைவிட வேகமாக அந்தப் பொருள் முழுவதுமாக மங்கவோ பிரகாசிக்கவோ முடியாது. ஒரே நாளில் ஒரு குவாசரின் ஒளி கணிசமாக மாறினால், அந்த ஒளி வரும் இடம் ஏறத்தாழ ஓர் ஒளிநாள் அகலத்துக்குள், அதாவது 2,590 கோடி கிலோமீட்டருக்குள், அடங்க வேண்டும். நெப்டியூனின் சுற்றுப்பாதையைப் பக்கத்தில் பக்கமாக மூன்று முறை வைத்தால் ஏறக்குறைய அந்த அகலம் வந்துவிடும். ஒரு பால்வீதி முழுவதையும் மிஞ்சும் ஒளி அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வருகிறது என்றால், விண்மீன்கள் எரியும் வழியில் அது கிடைக்காது. பெரும் கருந்துளையைச் சுற்றிச் சுழன்று விழும் வாயுத் தட்டு என்ற விளக்கத்துக்கு நம்மைத் தள்ளியதில் இந்த எளிய கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னொரு பயனும் இருக்கிறது. தட்டின் ஒளி கூடினால், சற்றுத் தள்ளிச் சுழலும் வாயு மேகங்களின் நிறமாலைக் கோடுகள் சில காலம் கழித்து எதிரொலி போல வலுக்கின்றன. அந்தத் தாமதமே மேகங்களின் தூரத்தைச் சொல்லிவிடும். தூரமும் வேகமும் கிடைத்தால் நடுவில் உள்ள கருந்துளையின் எடை கிடைத்துவிடும். 3சி 273க்கு 2018இல் வெளிவந்த ஆய்வில், சிலியில் உள்ள நான்கு பெரும் தொலைநோக்கிகளை இணைத்து அந்த மேகப் பகுதியை நேராகவே அளந்தார்கள். ஆரம் ஏறத்தாழ 150 ஒளிநாள். கருந்துளையின் எடை சுமார் 30 கோடி சூரியன்கள்.

ஆனாலும் 3சி 273 நிதானமான பொருள். சில மாதங்களில் ஒளித்தரத்தின் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ நகரும். கண்ணால் மதிப்பிடும்போது பிழையே அந்த அளவுக்கு வந்துவிடும். பழகுவதற்கு இது நல்லது. தொடர்ந்து பார்ப்பதற்கு நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறொன்று: கடக ராசியில் உள்ள ஓஜே 287.

பூச நட்சத்திரத்தை ஒட்டித் தேன்கூடு போலத் தெரியும் விண்மீன் கொத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை பாகை கிழக்கே இது இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே கடந்து போகும். காற்றின் கலக்கம் குறைவான இடம். இதன் ஒளி கிளம்பி ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இதைப் பிளேசர் என்ற தனி வகையில் வைப்பார்கள். கருந்துளையின் பக்கத்திலிருந்து ஒளிவேகத்தை நெருங்கிப் பீறிடும் தாரை ஏறக்குறைய நம்மை நோக்கியே இருக்கிறது. அதனால் ஒளி பெருகித் தெரிகிறது. மாற்றங்களும் நெருக்கமாகவும் வேகமாகவும் வந்து சேர்கின்றன. மேலே சொன்ன ஊர்வலக் கணக்கை இங்கே அப்படியே போட்டால் பொய்யான விடை வரும். சாதாரண நாட்களில் ஒளித்தரம் 14 முதல் 15.5 வரை இருக்கும். பழைய வெடிப்புகளில் 13ஐயும் தாண்டிப் பிரகாசித்திருக்கிறது. ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும் மாற்றம் காட்டும் பொருளை வேறெங்கே தேடுவது?

இதன் கதைதான் என்னைப் பல ஆண்டுகளாகக் கட்டிப்போட்டிருக்கிறது. கோள்களும் சிறுகோள்களும் நடமாடும் பாதைக்கு மிக அருகில் ஓஜே 287 இருப்பதால், அவற்றைத் தேடி எடுத்த பழைய தகடுகள் பலவற்றில் இதுவும் தற்செயலாகப் பதிவாகிவிட்டது. பதிவுகள் 1880கள் வரை பின்னோக்கிப் போகின்றன. அவற்றை எல்லாம் கோத்துப் பார்த்த ஃபின்லாந்தின் ஐமோ சில்லன்பாவும் கூட்டாளிகளும் 1988இல் ஒன்றைச் சொன்னார்கள்: மாமாங்கத்துக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, இது வெடித்துப் பிரகாசிக்கிறது. பிறகு மவுரி வால்டோனனும் ஹாரி லெஹ்டோவும் அதற்கு ஒரு மாதிரியை வகுத்தார்கள். அங்கே ஒன்றல்ல, இரண்டு கருந்துளைகள். பெரியது 1,800 கோடி சூரியன் எடை. சிறியது 15 கோடி சூரியன் எடை. சிறியது நீள்வட்டத்தில் சுற்றிவரும்போது பெரியதன் வாயுத் தட்டை ஒரு சுற்றில் இரண்டு முறை கிழித்துக்கொண்டு போகிறது. கிழித்த இடத்தில் கொதிக்கும் வாயுக் குமிழ் பொங்கி விரிந்து ஒளிர்கிறது.

அந்தச் சுற்றுப்பாதை ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 39 பாகை திரும்பிவிடுகிறது. நம் புதனின் பாதை ஐன்ஸ்டைன் சொன்ன காரணத்தால் திரும்புவது நூற்றாண்டுக்கு 43 விகலை மட்டுமே. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. இவ்வளவு திரும்புவதால் வெடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. எப்போது வரும் என்பதை ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். 2007 செப்டம்பரிலும் 2015 டிசம்பரிலும் வெடிப்பு கணக்கை ஒட்டியே வந்தது. மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் லங்கேஸ்வர் டே, கோபகுமார் ஆகியோர் ஃபின்லாந்துக் குழுவோடு சேர்ந்து கணக்கை இன்னும் கூர்மையாக்கினார்கள். அடுத்த வெடிப்பு 2019 ஜூலை 31 என்று வந்தது.

ஆனால் அந்த நாளில் ஓஜே 287 வானத்தில் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது. பூமியில் எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாது. அப்போது ஸ்பிட்சர் என்ற விண்வெளித் தொலைநோக்கி பூமியிலிருந்து சுமார் 25 கோடி கிலோமீட்டர் தள்ளிச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கோணத்திலிருந்து பார்க்கும்போது ஓஜே 287 சூரியனை விட்டு விலகிச் சரியாக ஜூலை 31 அன்று பார்வைக்கு வந்தது. வெடிப்பும் கணக்கிட்ட நேரத்துக்கு நான்கு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. அடுத்த ஜனவரியில் ஸ்பிட்சருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இத்தோடு நிறுத்தினால் அழகான கதைதான். அது நேர்மையாக இருக்காது. 2022 அக்டோபரில் இன்னொரு வெடிப்பு வரும் என்று ஒரு கணக்கு இருந்தது. வானியலாளர் ஸ்டெஃபனி கொமொசாவின் குழு அந்தக் காலம் முழுவதும் கண்காணித்தது. எதிர்பார்த்த வெடிப்பு தென்படவில்லை. பெரிய கருந்துளையின் எடை 10 கோடி சூரியன்தான் இருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. 1,800 கோடி எங்கே, 10 கோடி எங்கே! வால்டோனனின் குழு தன் மாதிரியை விட்டுக்கொடுக்கவில்லை. திருத்திய கணக்குப்படி வெடிப்பு அதற்குச் சில மாதங்கள் முன்பே, சூரியனுக்குப் பின்னால் மறைந்திருந்த காலத்தில், நிகழ்ந்திருக்கும் என்று வாதிட்டது. இதற்கிடையில் நாசாவின் டெஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கி 2021 நவம்பர் 12 அன்று பதிவு செய்த, அரை நாள் மட்டுமே நீடித்த ஒரு பிரகாசிப்பை நைனிடாலில் உள்ள ஏரீஸ் ஆய்வகத்தினரும் மற்றவர்களும் எடுத்து ஆராய்ந்தார்கள். அது சிறிய கருந்துளையின் ஒளி என்ற விளக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. என் சாய்வைச் சொல்ல வேண்டுமென்றால், இரண்டு கருந்துளைகள் என்பதை நம்புகிறேன். எடை விஷயத்தில் எந்தப் பக்கமும் சேர மாட்டேன்.

இந்த வழக்கில் இரு தரப்பும் கையில் பிடித்துக்கொண்டிருப்பது என்ன? ‘இந்தத் தேதியில் இவ்வளவு ஒளி இருந்தது’ என்ற எண்கள். ‘இந்தத் தேதியில் எதுவும் நடக்கவில்லை’ என்ற எண்ணும் அதே அளவு கனமானது. காவலூர் வானியல் ஆய்வகத்தில் உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கியை ஒரே பொருளுக்காக ஒவ்வோர் இரவும் ஒதுக்க முடியாது. அதற்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். உங்கள் மாடியில் உள்ள கருவிக்கு வரிசை கிடையாது. ஐரோப்பாவில் இன்னும் பகலாகவும், அமெரிக்காவில் விடிந்தும் இருக்கும் நேரங்களில் நமக்கு இரவு. அரை நாளில் வந்து போகும் ஒரு பிரகாசிப்பு அந்த இடைவெளியில் விழுந்தால், பதிவு செய்ய இந்தப் பக்கம் யாராவது விழித்திருக்க வேண்டும்.

செய்முறைக்கு வருகிறேன். தொலைநோக்கியில் பொருத்தும் சிமாஸ் சில்லுக் கேமரா, பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் உள்ளே விடும் வானியலுக்கான ‘வி’ வடிகட்டி, வானத்தின் நகர்வை ஓரளவு நன்றாகப் பின்தொடரும் தாங்கி போதும். 60 நொடிப் படங்கள் பத்து எடுத்துச் சேர்த்தால், நகரின் விளிம்பிலிருந்தே ஒளித்தரம் 15 உள்ள பொருளை 0.02 ஒளித்தரத் துல்லியத்தில் அளக்கலாம். குவாசரின் ஒளியைத் தனியாக அளக்காதீர்கள். அதே படத்தில் உள்ள, ஒளித்தரம் நன்றாகத் தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை அளக்க வேண்டும். மெல்லிய மேகம் வந்தால் இரண்டும் சேர்ந்தே மங்கும், வித்தியாசம் மாறாது. ஒப்பீட்டு விண்மீன்களின் வரைபடத்தை அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கம் இலவசமாகத் தருகிறது. எல்லோரும் அதே விண்மீன்களைப் பயன்படுத்தினால்தான் ஒருவர் எண் இன்னொருவர் எண்ணோடு பொருந்தும்.

எந்த நிலையிலும் விடக்கூடாத ஒன்று சரிபார்ப்பு விண்மீன். ஒளி மாறாதது என்று தெரிந்த இன்னொரு விண்மீனையும் குவாசரைப் போலவே அளந்துகொண்டு வாருங்கள். இதன் அருமையை நான் கற்றது ஒரு மாசி மாத இரவில். மாலையிலிருந்து நேர்கோடாக வந்த ஓஜே 287இன் ஒளி, நள்ளிரவுக்குச் சற்று முன்பு படிக்கட்டு இறங்குவதுபோல 0.15 அளவு சட்டென்று சரிந்தது. நெஞ்சு படபடத்தது. நண்பர்களுக்கு எழுதக் கை துறுதுறுத்தது. அதற்குமுன் சரிபார்ப்பு விண்மீனின் வரைபடத்தைத் திறந்தேன். அதே நிமிடத்தில் அதுவும் 0.1 அளவு ஏறியிருந்தது. பொருள் உச்சியைக் கடந்ததும் தொலைநோக்கியை மறுபுறம் புரட்டியிருந்தேன்; படம் தலைகீழானதும் ஒவ்வொரு விண்மீனும் கேமரா சில்லின் வேறு மூலைக்குப் போய்விட்டது. அன்று நான் எடுத்த பிளாட் படங்கள், அதாவது சில்லின் ஒளிச் சமமின்மையைத் திருத்துவதற்காக வெளுத்த வானத்தை எடுக்கும் படங்கள், சரியாக அமையவில்லை. குவாசரில் எதுவும் நடக்கவில்லை. அன்று முதல் சரிபார்ப்பு விண்மீனின் வரைபடத்தைப் பார்க்காமல் குவாசரின் வரைபடத்தை நான் திறப்பதில்லை.

வேறு சில சிறு விஷயங்கள். படத்தில் ஒளியை அளக்கப் பொருளைச் சுற்றிப் போடும் வட்டத்தின் அளவை இரவுக்கு இரவு மாற்றாதீர்கள். பொருள் அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் இருக்கும்போது மட்டும் எடுங்கள். நேரத்தை ஜூலியன் நாள் எண்ணில், அதாவது வானியலாளர்கள் மாதம், ஆண்டு பார்க்காமல் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் கணக்கில், குறியுங்கள். அந்த எண் நம் நேரப்படி மாலை 5.30 மணிக்கு மாறும். ஆகவே நமக்கு ஓர் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணுக்குள் அடங்கிவிடும். இந்தியாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

இரண்டு மூன்று ஆண்டுப் பதிவு சேர்ந்ததும் ஒரு சோதனை வரும். வரைபடத்தில் ஏற்ற இறக்கம் அலைபோலத் தெரியும். ‘40 நாளுக்கு ஒருமுறை மாறுகிறதே’ என்று தோன்றும். குவாசர்களின் ஒளி மாற்றம் பெரும்பாலும் ஒழுங்கில்லாதது. குடித்தவன் நடைபோல, முந்தைய நிலையிலிருந்து கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் நகர்வது. அத்தகைய நடையில் மூன்று நான்கு சுற்று அலைகள் தற்செயலாகவே அமைந்துவிடும். ஓஜே 287இன் 12 ஆண்டுச் சுழற்சிக்கே நூறாண்டுப் பதிவு தேவைப்பட்டது; அதிலும் இன்று சச்சரவு. ஆகவே காலவட்டம் கண்டுபிடிக்கும் ஆசையைத் தள்ளி வைத்துவிட்டு, எண்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எப்போது தொடங்குவது? ஐப்பசி, கார்த்திகை மழையை நம்ப முடியாது. தை, மாசி, பங்குனி மூன்றும் உங்களுக்குக் கொண்டாட்டம். பிப்ரவரி தொடக்கத்தில் ஓஜே 287 நள்ளிரவில் உச்சிக்கு வருகிறது. ஆடி மாதத்தில் சூரியனோடு சேர்ந்துகொள்ளும், அப்போது விடுமுறை. தைப்பூசத்தன்று மட்டும் முயல வேண்டாம். பூசத்தில் முழு நிலா நிற்பதுதான் தைப்பூசம். நம் குவாசருக்குச் சில பாகை பக்கத்தில் நிலா காய்ந்துகொண்டிருக்கும், படம் முழுவதும் வெளுத்துவிடும். நான்கைந்து நாட்கள் கழித்து, நிலா எழுவதற்கு முன்பு, இரவு எட்டரை மணிவாக்கில் கருவியைத் திருப்புங்கள். முதல் இரவில் குவாசரை அளக்கக்கூட வேண்டாம். ஒப்பீட்டு விண்மீன்களை மட்டும் எடுத்து, ஒன்றை வைத்து மற்றொன்றை அளந்து, வரைபடத்தில் உள்ள எண் வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் மறுநாள் இரவு ஓஜே 287ஐ அளந்து, அந்த எண்ணையும் நாள் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். அதே வாரத்தில் நான் எடுத்ததோடு வைத்துப் பார்க்கலாம்.